அடுத்த ஞாயிறு நீங்கள்தான் செய்தி கொடுக்க வேண்டுமா? முதல் முறை பிரசங்கம் செய்பவருக்கு ஒரு வாரத் தயாரிப்பு

"தம்பி, வர்ற ஞாயிறு நான் இன்னொரு சபைக்குப் போகணும். இங்க நீ செய்தி கொடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஆயர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக் கிராமச் சபைகளில் நம்மைப் போன்றவர்கள் பிரசங்கம் செய்யத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே ஆயர் நாலைந்து ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார். இறையியல் கல்லூரி வாசலை மிதிக்காத ஆசிரியர், மெக்கானிக், கம்பெனித் தொழிலாளி ஆகியோர்தான் அவர் இல்லாத ஞாயிறுகளில் பீடத்தில் நிற்கிறோம்.

நான் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். முதல் பிரசங்கத்துக்கு ஒரு மாதம் தயாரித்தேன். பதினேழு வசனம் எடுத்து வைத்தேன். நடுவே, பழைய உதாரணக் கதைப் புத்தகத்திலிருந்து பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பல் மாலுமியின் கதை. ஐம்பது நிமிடம் பேசினேன். முடிந்ததும் வாசலில் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசுன கண்ணு. அந்தப் பனி கொட்டற ஊரு எங்க இருக்குது?" என்று கேட்டார். ஐம்பது நிமிடத்தில் அவருக்கு மிஞ்சியது அந்தப் பனி மட்டும்தான்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது ஒரு வாரத்தில் தயாரிக்கிறேன். அதில் பாதி நேரம் படிப்பதற்கு, மீதி நேரம் ஊருக்குள் நடப்பதற்கு.

தொடங்கும் முன் ஒன்று. கத்தோலிக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது; திருச்சபைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. தர்மபுரி மறைமாவட்டப் பங்குகளில் இருக்கும் நண்பர்களுக்கு இந்தக் குறிப்புகள் அன்பியக் கூட்டத்திலும் வீட்டுச் செபத்திலும் பயன்படலாம். மற்றவர்கள் தொடர்ந்து வாருங்கள்.

திங்கள்: ஆயரிடம் நாலு கேள்வி

சரி என்று சொல்லும் முன் கேட்டுவிடுங்கள். அன்றைக்குத் திருச்சபை நாட்காட்டிப்படி குறித்த பகுதி இருக்கிறதா, நானே எடுக்கலாமா? எத்தனை நிமிடம்? திருவிருந்து உண்டா? இந்த மாதம் சபையில் யாராவது இறந்தார்களா? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மகனைப் புதைத்துவிட்டு முதல் முறை கோயிலுக்கு வந்திருக்கும் தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, "ஆண்டவர் நம் பிள்ளைகளைக் கண்மணிபோலக் காப்பார்" என்று உற்சாகமாக முழங்கிவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை.

நேரம் ஆயர் சொல்லவில்லையென்றால் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வேகத்தில் நிமிடத்துக்கு நூறு சொல் வரும். ஆக, இரண்டாயிரம் சொல். அதற்கு மேல் போனால் குழந்தைகள் ஒருவரையொருவர் கிள்ள ஆரம்பித்துவிடும்.

செவ்வாய்: ஒரே பகுதி, அதையே பத்து முறை

வேதாகமத்தில் ஒரே ஒரு இடத்தை எடுங்கள். ஆதியாகமத்தில் ஏறி வெளிப்படுத்தல் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போகும் டவுன் பஸ் பிரசங்கம் வேண்டாம். எடுத்த பகுதியை யூட்யூப் பார்க்கும் முன், விளக்க உரை பார்க்கும் முன், நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். யார் இருக்கிறார்கள், என்ன நேரம், யார் முதலில் பேசுகிறார், கையில் என்ன இருக்கிறது என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே படியுங்கள்.

யோவான் 4-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியில் சமாரியப் பெண். பழைய மொழிபெயர்ப்பில் "ஆறாம்மணி வேளை" என்று இருக்கும். அதைக் காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று பிரசங்கித்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். சூரியன் உதித்ததிலிருந்து எண்ணும் கணக்கு அது; நண்பகல் பன்னிரண்டு. நம் ஊரில் சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்குக் குடம் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? காலையில் போகும் கூட்டத்தோடு சேர முடியாதவள்தான் போவாள். இதைச் சொன்னால் போதும், பெண்கள் பக்கம் முழுவதும் நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம், முதலில் தண்ணீர் கேட்டது யார்? இயேசு. களைத்துப்போய், மொள்ளப் பாத்திரம்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே" என்கிறாள் அவள். 'மொண்டு' என்ற சொல்லைப் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். நம் பாட்டிமார்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் கடினம் என்று நினைக்காதீர்கள்.

ஒன்பதாம் வசனத்தில் யூதர் சமாரியரோடு "சம்பந்தங்கலவாதவர்கள்" என்று வருகிறது. ஒருவர் பாத்திரத்தை மற்றவர் புழங்குவதில்லை என்றும் அந்த இடத்துக்குப் பொருள் சொல்கிறார்கள் வேத அறிஞர்கள். டீக்கடையில் தனிக் குவளை பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கும் மாவட்டம் இது. அவள் குடத்தில் குடிக்கக் கேட்டார் என்றால் அது சாதாரண வேண்டுகோள் இல்லை. சாதியைப் பற்றி நான்தான் பீடத்தில் பேச வேண்டுமா, எதற்கு வம்பு என்று உங்களுக்குத் தோன்றும். வசனமே பேசுகிறது. அதை மழுப்பாமல் இருந்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சமாரியப் பெண்ணுக்கு ஐந்து புருஷர் இருந்தார்கள் என்று வசனத்தில் வந்ததும் அவளை ஒழுக்கம் கெட்டவள் என்று அடித்து நொறுக்குவது நம் வழக்கம். அந்தக் காலத்தில் பெண்ணைத் தள்ளிவிடும் உரிமை பெரும்பாலும் ஆண் கையில். சிலர் செத்தும் போயிருக்கலாம். அந்த உரையாடல் முழுவதிலும் இயேசு அவளைப் பார்த்து 'இனிப் பாவம் செய்யாதே' என்று சொல்லவே இல்லை. எழுதியிருப்பதற்கு மேல் நாம் சேர்க்கக் கூடாது. புருஷன் விட்டுப்போன பெண்கள் நம் சபையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதன், வியாழன்: செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்

இதைத்தான் புதியவர்கள் செய்வதில்லை. இதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

ஒருமுறை இதே யோவான் 4-ஐ எடுத்துக்கொண்டு தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஊருக்குள் ஒரு வீட்டையும் பார்க்காமல் நேரே கோயிலுக்குப் போய், "நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசியே தனி அல்லவா?" என்று ஆரம்பித்தேன். ஒரு அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். ஏன் மூடிக்கொள்கிறார் என்று ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போதுதான் புரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் பலருக்குப் பல்லில் காவிக்கறை. சில பெரியவர்களுக்கு முழங்கால் வளைந்து, இடுப்பு நிமிரவில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத அது, இந்த மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் அளவு மீறி இருந்தது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கிணறே எலும்பைத் தின்றதைப் பார்த்தவர்களிடம் நான் கிணற்று ருசி பேசியிருக்கிறேன்! முந்தின நாள் ஒரே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால், "இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு மறுபடியும் தாகமுண்டாகும்" என்ற வசனம் அந்த ஊரில் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே மூன்று வீடு, நான்கு வீடு போய் வாருங்கள். நேரம் பார்த்துப் போங்கள். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரத்தில் போகாதீர்கள். மாம்பழ சீசனில், மே முதல் ஜூலை வரை, கிருஷ்ணகிரி பக்கம் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், தோப்புக்கே போய்விடுங்கள். குழுக் கடன் தவணை கட்டும் நாளில் போனால் அந்த அக்கா உங்களைப் பார்த்துச் சிரிப்பார், மனம் வேறெங்கோ இருக்கும்.

போய் என்ன செய்வது? கேள்வித்தாள் வைத்துக்கொண்டு பேட்டி எடுக்க வேண்டாம். "எப்படிக்கா இருக்கீங்க, மாடு கன்னு போட்டுச்சா?" போதும். தக்காளி விலை என்ன, பாலக்கோடு மண்டியில் பெட்டி எவ்வளவுக்குப் போச்சு, பையன் ஓசூரில் நிரந்தரம் ஆனானா, ஒப்பந்தம்தானா, பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும் முன்பே சொந்தத்தில் கேட்கிறார்களா என்று பேச்சு தானாக வரும். நீங்கள் எடுத்திருக்கும் வசனத்தைக் காதுக்குள் வைத்துக்கொண்டு கேளுங்கள். கடைசியில் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்படிக் கேட்டதால் என் பிரசங்கம் தலைகீழாக மாறிய நாள் ஒன்று உண்டு. ஏழை விதவை இரண்டு காசு போட்ட பகுதி, மாற்கு 12. காணிக்கை கொடுங்கள், ஆண்டவர் இரட்டிப்பாகத் தருவார் என்று முடிக்கத்தான் எழுதி வைத்திருந்தேன். வியாழக்கிழமை பார்த்த மூன்று வீட்டில் இரண்டில், பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியிருந்தார்கள். ஒருவர் அதிலிருந்தே விசேஷக் காணிக்கையும் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். அந்த விதவை வருவதற்கு இரண்டு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை, அதாவது வேதச் சட்டம் போதித்தவர்களை, இயேசு கண்டிக்கிறார். இத்தனை வருடம் என் கண்ணில் படவே இல்லை. எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

அதேபோல் சனிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போகும் கட்டட வேலைக்காரர்கள் இருக்கும் சபையில் மத்தேயு 20-ஐ எடுத்துப் பாருங்கள். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்று கடைத்தெருவில் நிற்கிறவர்களின் பேச்சு அதில் இருக்கிறது. விடிகாலையில் பெங்களூர் நாற்சந்தியில் மேஸ்திரிக்காகக் காத்து நின்றவனுக்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவன்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு கண்டிப்பான விதி: வீட்டில் கேட்டதைப் பீடத்தில் சொல்லக் கூடாது. பெயரை மறைத்துச் சொன்னாலும் கூடாது. நாற்பது குடும்பம் உள்ள ஊரில் 'ஒரு சகோதரி' என்றால் யார் என்று நாற்பது வீட்டுக்கும் தெரியும். கேட்டது உங்கள் பிரசங்கத்தின் திசையை மாற்றட்டும். வார்த்தையாக வெளியே வர வேண்டாம்.

வெள்ளி: எழுதுவது

தாளின் தலையில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். "தாகமாய் வந்தவரே தண்ணீர் தருகிறவர்" என்பது மாதிரி. இந்த வாக்கியத்தோடு ஒட்டாத எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியே. முழுவதும் எழுதுங்கள், பிறகு ஒரு பக்கக் குறிப்பாகச் சுருக்குங்கள். ஸ்தோத்திர வரிசைகளிலும், 'எனக்குத் தகுதியில்லை, இந்த வாய்ப்பு தந்த ஐயாவுக்கு நன்றி'யிலும் ஐந்து நிமிடத்தைக் கரைக்காமல், கதைக்குள் நேராக இறங்குங்கள்.

மொழி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு, அல்லது கன்னடம். தமிழ் புரியும், ஆனால் சுற்றி வளைக்கும் நீண்ட வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். ஓசூர்த் தொழிற்பேட்டைச் சபைகளில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வாக்கியம் எல்லோருக்கும் நல்லது. திருமணம், அடக்க ஆராதனை என்றால் எலத்தகிரி, கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்க உறவினர்களும் இருப்பார்கள். அவர்கள் கேட்டுப் பழகியது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பின் தமிழ். நமக்குச் சுவிசேஷம், அவர்களுக்கு நற்செய்தி. நமக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. ஒருமுறை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர்கள் அந்நியராக உணர மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு இந்துக்களும் வந்திருப்பார்கள். அவர்கள் சாமியைக் கிண்டலடித்துக் கைத்தட்டல் வாங்கும் பிரசங்கியார்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. அப்போஸ்தலர் 19-ல் எபேசு பட்டணத்துச் சம்பிரதி, அதாவது நகர அதிகாரி, என்ன சாட்சி சொல்கிறான்? இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்கிறான். பவுலின் கூட்டாளிகளுக்கு வெளியார் கொடுத்த நற்சான்றிதழ் அது.

வாட்ஸ்அப்பில் வருவதைச் சோதிக்காமல் எடுக்காதீர்கள். யோசுவா காலத்தில் 'தொலைந்துபோன நாளை' நாசா கணினி கண்டுபிடித்தது என்ற கதை பல்லாண்டாகச் சுற்றுகிறது. அது பொய். சபையில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிடும். அதோடு நீங்கள் சொன்ன உண்மையும் போய்விடும். செயற்கை அறிவுச் செயலியிடம் பிரசங்கம் எழுதி வாங்குகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சீராகத்தான் எழுதிக் கொடுத்தது. அதில் சொன்ன ஒரு வசனத்தைத் தேடினால் அந்த அதிகாரத்தில் அத்தனை வசனமே இல்லை. வசனம் தேட உதவிக்கு வேண்டுமானால் பழைய ஒத்தவாக்கியப் புத்தகமே போதும் என்று திரும்பிவிட்டேன்.

உடல்நலம் பற்றிப் பேசினால் மாத்திரையை நிறுத்துவதை விசுவாசமாகக் காட்டாதீர்கள். ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன அனுபவம் எனக்கு உண்டு. "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று பவுல் எழுதியிருக்கிறார். வைத்தியரைக் கூடவே வைத்துக்கொண்டுதான் ஊழியம் செய்தார். 'கர்த்தர் என்னிடம் சொன்னார்' என்ற சொற்றொடரையும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். அவர் சொன்னது கையில் புத்தகமாக இருக்கிறது.

சனி

வாய்விட்டு ஒருமுறை முழுவதும் பேசிப் பாருங்கள், கடிகாரம் வைத்து. வீட்டில் யாராவது கேட்டால் இன்னும் நல்லது. என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். கை நின்றால் நல்ல இடம். கத்தி வேகமாகப் போனால் வெட்ட வேண்டிய இடம்.

ஞாயிறு

அச்சிட்ட வேதாகமம் எடுத்துப் போங்கள். போனில் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் வசனம் மறைந்து மாமா பெயர் வரும். அரை மணி முன்னால் போய் மைக்கைச் சோதியுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருக்கட்டும். கரண்டு போனால் என்ன செய்வது என்று பதறாமல், பீடத்தை விட்டு இறங்கி ஜனங்கள் நடுவே வந்து நின்று பேசுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல பிரசங்கங்களில் இரண்டு கரண்டு போனதால் வந்தவை.

கோயில் கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே கேட்கவைப்பது ஊழியம் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், மற்றவர்கள் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பீடத்தில் ஏறியதும் கால் நடுங்கும். நடுங்கட்டும். ஆனால் கேட்பவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். லுத்தரன் மிஷனரி தியோடர் நேதர் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கியது 1895-ல். 1904-ல் கொள்ளைநோயில் அவர் இறந்தார். கத்தோலிக்க மிஷன் அதற்கும் முந்தியது. உங்கள் முன்னே உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பாட்டியே பிரசங்கம் கேட்டிருக்கலாம். நாலு தலைமுறைக் காது. போலியை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடும்; திக்கித் திணறினாலும் மனதிலிருந்து வருவதைப் பொறுத்துக்கொள்ளும்.

சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்துங்கள். 'கடைசியாக ஒன்று' என்று மூன்று முறை சொல்லாதீர்கள்.

முடிந்ததும் வாசலில் நில்லுங்கள். "நல்ல செய்தி பிரதர்" என்பதை ஒரு வணக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. யாராவது உங்கள் வாக்கியத்தைத் தப்பாகவோ சரியாகவோ திருப்பிச் சொன்னால் அதைக் கவனியுங்கள். எது காதில் போய்ச் சேர்ந்தது என்பது அதில் தெரியும். "நீ சொன்னது சரியில்லப்பா" என்று ஒரு பெரியவர் சொன்னால் வாதாடாமல், "செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வர்றேன் தாத்தா, பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் கட்டாயம் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி, சபை, வேதப் பகுதி, சொன்ன கதைகள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நான் குறிக்காமல் விட்டு, ஒரே சபையில் ஒரே கதையை ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டாம் முறை சொன்னேன். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பையன் முடிவை எனக்கு முன்னாலேயே சத்தமாகச் சொல்லிவிட்டான்.